தூணடியில் நின்றவர்

அத்தியாயம் 1

"படத்துக்குள்ள ஆக்கள் கூடிக்கொண்டு போகினம்," என்றார் வந்தவர்.

நான் கணினியிலிருந்து கையை எடுத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தேன். அறுபதை நெருங்கும் வயது. போட்டிருந்த ஜாக்கெட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தார். குடித்தவராகத் தெரியவில்லை. பேய் பிடித்தவராகவும் தெரியவில்லை.

"எந்தப் படத்துக்குள்ள?" என்று கேட்டார் சண்முகலிங்கம் சார்.

"வீட்டு ஹோலில மாட்டியிருக்கிற கோயில் படம். ஃப்ளெமிஷ் படமாம், பெல்ஜியம் பக்கத்துப் பழைய வேலை. வாங்கேக்க ஒரு சனம் இல்லை அதுக்குள்ள. வெறுங் கோயில். பங்குனியில இருந்து ஒவ்வொருத்தரா வந்து நிக்கினம்."

"பூசைக்கு வந்திருப்பாங்க," என்றேன்.

வந்தவர் சிரிக்கவில்லை. சார் என்னைப் பார்த்த பார்வையில் என் சம்பளம் ஆட்டம் கண்டது.

என் பெயர் ரோகிணி. திருச்சிக்காரி. டொரொன்டோவில் ஒரு வங்கியில் கணினி வேலை பார்த்தேன். போன வருடம் உலகப் பொருளாதாரம் குப்புற விழுந்தபோது என் மேலேயும் கொஞ்சம் விழுந்தது. இப்போது டோர்செட் பார்க்கில் ஒரு டயர் கடைக்கு மேலே இருக்கும் துப்பறியும் நிலையத்தில் உதவியாளர். முதலாளி சண்முகலிங்கம், யாழ்ப்பாணத்துக்காரர். இன்சூரன்ஸ் மோசடிகளைப் பிடித்துப் பிடித்தே தலை நரைத்தவர். கழுத்து உடைந்தது என்று பட்டை கட்டிக்கொண்டு திரிபவர் அரிசி மூட்டையை எந்தத் தோளில் தூக்குகிறார் என்பதை எதிர்க் கடையிலிருந்தே பார்த்துச் சொல்லிவிடுவார். பொய் அறிக்கை மட்டும் கொடுக்கவே மாட்டார். அதனாலேயே பாதி வாடிக்கையாளர்கள் திரும்பி வருவதில்லை.

அந்த மே மாதம் எங்களுக்கு வழக்கே இல்லை. 2009. ஸ்காபரோவில் எந்த மனைவியும் எந்தக் கணவனையும் சந்தேகப்படவில்லை. வன்னியில் யுத்தம் கடைசிக் கடற்கரைத் துண்டுக்கு வந்திருந்தது. எல்லோரும் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்தார்கள், இல்லையென்றால் யூனிவர்சிட்டி அவெனியூவில் கொடியோடு நின்றார்கள். ஞாயிற்றுக்கிழமை கார்டினர் நெடுஞ்சாலையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இந்தச் சூழலில் ஒரு மனிதர் படம் பற்றிப் புகார் கொடுக்க வந்தது எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

அவர் பெயர் பேனாட். மன்னாரில் பிறந்தவர், பிறம்ரனில் ஒரு வேர்ஹவுஸில் வேலை, வீடு ஸ்ரௌவ்வில்லில். அங்கே பழைய பண்ணை வீடு ஒன்றைக் காலி செய்தபோது, கோயில் படம், அதாவது சர்ச் படம், என்பதற்காகவே அவர் மனைவி யூஜினி ஆசைப்பட்டு வாங்கியது அது. பிப்ரவரியில் ஏல நிறுவன ஆள் ஒருவர் வந்து பார்த்துவிட்டு, பதினேழாம் நூற்றாண்டு, ஆன்ட்வெர்ப் பட்டறை வேலையாக இருக்கலாம், நல்ல விலைக்குப் போகும் என்று சொல்லியிருக்கிறார்.

"வெள்ளிக்கிழமை எடுக்க வாறார். என்ர தம்பி அருள்நாயகம் வன்னிக்குள்ள நிக்கிறான், அண்ணை. ரெண்டு பிள்ளையள். தாய் போன வருசம் காய்ச்சலில மோசம் போயிட்டா. இவன் பிள்ளையளோட வெளியால வந்திட்டான் எண்டா உடன ஆள் பிடிச்சு இஞ்ச எடுக்கவேணும். படத்தை வித்தால்தான் உண்டு. இப்பிடி ஆரும் கீறிக் கெடுத்தா அந்த வெள்ளைக்காரன் தொடுவானோ?"

"ஆரில சந்தேகம்?"

"என்ர மருமகன் நிசாந்தன். அக்கான்ர பெடியன். காலேஜில படம் கீறப் படிக்கிறான், எங்கட பேஸ்மென்ற்லதான் இருக்கிறான். அவன்தான் செய்திருப்பான். வேற ஆர்? அவன்தான் எண்டு கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லுங்கோ, காணும். நான் பேசக்கூட மாட்டன் அவனை."

குற்றவாளியின் பெயரைத் தானே கொண்டுவந்து கையில் கொடுத்துவிட்டு, அதைக் கண்டுபிடித்துத் தரச் சொல்லும் கட்சிக்காரரை அன்றுதான் முதல்முறை பார்த்தேன்.

அன்று பின்னேரமே ஸ்ரௌவ்வில் போனோம். எல்லா வீடும் ஒரே அச்சு. கதவிலக்கம் பார்க்காமல் போனால் அடுத்த வீட்டுக் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து சாப்பிட்டுவிடலாம். உள்ளே தொலைக்காட்சி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. யூஜினி தேநீரும் பட்டர் கேக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்னைப் பார்த்து, "குளிருது, சொக்ஸ் போடாமல் வந்திருக்கிறீர் பிள்ளை," என்று ஒரு ஜோடி எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனார். கண்கள் வீங்கியிருந்தன. அந்த மாதம் யார் கண்தான் வீங்காமல் இருந்தது?

படம் மாதா சுரூபத்துக்கு மேலே தொங்கியது. பெரிதில்லை, இரண்டு கையால் தூக்கிவிடலாம். பலகையில் வரைந்தது. அண்ணாந்து பார்க்க வைக்கும் தூண்கள். கறுப்பும் வெள்ளையுமாகத் தரைக்கல், அது சிறுத்துச் சிறுத்து ஓடித் தொலைவில் ஒரு பீடத்தடியில் முடிகிறது. இடப்பக்க ஜன்னல்களிலிருந்து மஞ்சள் வெயில். நான் சர்ச்சுக்குப் போகிற ஜாதியில்லை. இருந்தும் அந்தப் படத்துக்கு முன்னால் என் குரல் தானாகத் தாழ்ந்தது.

அந்தப் பெரிய மண்டபத்துக்குள் நகக்கண் அளவில் சிலர். தலையில் முக்காடு போட்டு நிலத்தில் உட்கார்ந்த கிழவி. அவருக்குப் பக்கத்தில் முழந்தாளில் இரண்டு பெண்கள். எதிர்ப்பக்கம் கைகட்டி நிற்கும் வழுக்கைத் தலைக்காரர்.

பேனாட் வாசல் பக்கம் பார்த்தபடி விரல் மடக்கினார். "கிழவி ஒண்டு, பொம்பிளையள் ரெண்டு, மொட்டை ஒண்டு. அவ்வளவும்தான்."

"தூண்ல சாஞ்சுக்கிட்டு ஒருத்தர் நிக்கிறாரே, அங்கிள்?" என்றேன்.

"ஓ. ஓம். அவரும்."

"மற்ற ஆக்கள் எப்ப எப்ப வந்தவை?" என்று சார் கேட்டார்.

"ஆர் கண்டது. பங்குனி, சித்திரை."

"தூணடியில நிக்கிறவர்?"

"செவ்வாய்க்கிழமை விடிய," என்று பட்டென்று சொல்லிவிட்டு, தண்ணீர் குடிக்கப் போவதாக பேனாட் உள்ளே போய்விட்டார்.

சார் பூதக்கண்ணாடியை எடுத்தார். படத்தோடு ஒட்டிக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"ரோகிணி, உவையின்ர காலைப் பாரும்."

"கால் இருக்கு சார். அப்ப பேய் இல்ல."

"பகிடியை விடும். காலில என்ன?"

பார்த்தேன். "ஒண்ணுமில்ல. வெறுங்கால்."

"ஆம்பிளையள் எந்தப் பக்கம்? பொம்பிளையள் எந்தப் பக்கம்?"

"பொம்பளைங்க எல்லாம் இடப்பக்கம். ஆம்பளைங்க வலப்பக்கம்." எனக்கு மெல்ல உறைத்தது. "பெல்ஜியத்துக் குளிர்ல கல் தரையில எவன் சார் வெறுங்காலோட நிப்பான்?"

"அதைத்தான் நானும் யோசிக்கிறன்."

அவர் கைக்குட்டையின் நுனியைச் சுரூபத்தடிப் பூச்சாடித் தண்ணீரில் தொட்டார். நான் தடுப்பதற்குள் தூணடி மனிதரின் வலது காலை லேசாக ஒற்றி எடுத்தார். கால் கைக்குட்டைக்கு வந்துவிட்டது. அடியில் பழைய தரைக்கல் பளிச்சென்று அப்படியே இருந்தது.

"ஐயோ சார், காலை எடுத்துட்டீங்களே!"

"கெடுக்க வந்தவன் எண்ணெய்ப் பெயின்ற் அப்பியிருப்பான். உது தண்ணியில போகுது. படத்துக்கு ஒரு சேதமும் வரக்கூடாது எண்டு நினைச்ச ஆள் செய்த வேலை." கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "கால் போனது எனக்கும் உமக்கும்தான் தெரியும். பாப்பம், ஆர் வந்து காலைப் போடினம் எண்டு."

நிசாந்தன் போராட்டத்தில் நிற்கிறான் என்று யூஜினி சொன்னதால் அங்கிருந்து நேரே யூனிவர்சிட்டி அவெனியூவுக்குப் போனோம். பறையும் கோஷமும் அலுவலகக் கட்டிடங்களில் மோதித் திரும்பி வந்துகொண்டிருந்தன. தள்ளுவண்டியில் குழந்தையோடு நிற்கும் பெண்கள், கோட் போட்ட கணக்காளர்கள், வீட்டுக்குப் போகவே மறந்துவிட்ட முகங்கள். நடைபாதையில் போன வெள்ளைக்காரர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு விலகிப் போனார்கள். நான் தமிழ்நாட்டுக்காரி. இங்கே நின்று எதை எதிர்பார்க்கிறார்கள் என்று ஒரு பெண்ணிடம் கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருக்காது.

நிசாந்தனுக்கு இருபது வயது. கத்திக் கத்தித் தொண்டை கட்டியிருந்தது. சார் விஷயத்தைச் சொன்னதும் முகம் சிவந்தது.

"சீரியஸ்லி, அங்கிள்? அங்க சனம் சாகுது. நீங்கள் ஒரு பெயின்ரிங் கேஸ் பாக்கிறீங்கள்?"

எனக்கு வாய் அடைத்துப்போவது அபூர்வம். சார் மட்டும் நிதானமாக, "கேஸ் தந்தது உம்மட மாமா. நீர்தான் கீறினதாம்," என்றார்.

"நானோ? நான் ஞாயிற்றுக்கிழமையில இருந்து வீட்டுக்கே போகேல்லை. மாமாவுக்குத் தெரியும்."

"அப்ப ஏன் உம்மைச் சொல்லுறார்?"

"ஐ டோன்ட் நோ." அவன் கொடிக் கம்பை மறு கைக்கு மாற்றினான். "நான் அந்தப் படத்தைப் பற்றி பேப்பரே எழுதினனான், அங்கிள். அந்தக் காலத்தில உது ரீம் வேர்க். ஒருத்தர் சேர்ச்சைக் கீறுவார். பில்லர், ஃப்ளோர், வெளிச்சம், எல்லாம் அவர். பிறகு இன்னொரு ஆர்ட்டிஸ்ட் வந்து ஆக்களைப் போடுவார். கனக்கப் படம் அப்பிடித்தான். மாமாவின்ர படத்துக்கு அந்த ரெண்டாவது ஆள் வரவே இல்லை. அதுதான் எம்ப்டி."

"ஒரு உதவி செய்யும். அப்பிடிக் கோயிலுக்குள்ள ஆக்கள் நிக்கிற மாதிரி இதில கீறிக் காட்டும்." சார் ஒரு துண்டுப் பிரசுரத்தின் பின்பக்கத்தை நீட்டினார்.

பையன் மார்க்கரால் நாலு இழுப்பு இழுத்தான். தொப்பியும் பூட்ஸுமாக ஒரு ஆள். அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண். அவர்களுக்கு நடுவில் ஒரு நாய்.

"சர்ச்சுக்குள்ள நாயா?" என்றேன்.

"அந்தப் படங்களில நாய் நிக்கும், அக்கா. சனம் உள்ளுக்க நடந்து திரிஞ்சு கதைச்சுக்கொண்டு நிக்கும். சும்மா ஷொப்பிங் மோல் மாதிரி."

சார் நன்றி சொல்லி அவன் தோளைத் தட்டிவிட்டு நடந்தார். ரயில் நிலையப் படியில் இறங்கும்போதுதான் வாயைத் திறந்தார்.

"உவன் இல்லை. இஞ்ச பிறந்த பெடியன். சப்பாத்தோட கோயிலுக்குப் போறவன், தாயும் தகப்பனும் ஒரே வாங்கில பக்கத்தில பக்கத்தில குந்தியிருக்கிறதைப் பாத்து வளந்தவன். அவன் கீறினா சப்பாத்துத்தான் வரும். நாயும் வரும். அந்தப் படத்தைக் கீறின ஆள் மன்னாரில நிலத்தில இருந்து பூசை கண்ட ஆள். பொம்பிளையள் ஒரு பக்கம், ஆம்பிளையள் ஒரு பக்கம். பெல்ஜியத்துக் கோயிலா இருந்தாலும் செருப்பைக் கழட்டாமல் ஒருத்தரையும் உள்ளுக்க விட மனம் வரேல்லை."

"அப்ப வீட்டுல ரெண்டே பேர்தான். பேனாட், இல்லன்னா யூஜினி ஆன்ட்டி."

"ஓம்."

"அது சரி, நிசாந்தன் வீட்டுல இல்லன்னு தெரிஞ்சும் அவர் ஏன் சார் அவன் பேரைச் சொன்னாரு?"

சாருக்குப் பதில் தெரியாதபோது மூக்குக் கண்ணாடியைத் துடைப்பார். கென்னடி ஸ்டேஷன் வரும்வரை துடைத்துக்கொண்டே வந்தார்.

மறுநாள் வியாழக்கிழமை. பேனாட் பிறம்ரனுக்கு வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் போனோம். கதவைத் திறந்த யூஜினியின் கையில் மாவு. நாங்கள் நேரே படத்துக்கு முன்னால் போய் நின்றோம்.

தூணடி மனிதருக்கு வலது கால் வந்திருந்தது. முன்பு இருந்ததைவிட அழகாக, ஐந்து விரலோடு.

"கெட்டிக்காரி," என்று முணுமுணுத்தார் சார். கையும் களவுமாகப் பிடிக்கும்போது அவர் முகத்தில் ஒரு பிரகாசம் வரும். வந்தது. "தங்கச்சி, இந்த ஆளின்ர காலைத் திருப்பிப் போட்டது நீங்கள்தானே?"

யூஜினி மறுக்கவே இல்லை. எங்களை மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப துடைச்சது நீங்களோ?"

"ஓம். ஆர் போடினம் எண்டு பாக்க."

"கால் இல்லாமல் விடச் சொல்லுறீங்களோ அவரை?" என்றார். "எந்தக் கோதாரியில போவான் இந்தக் காலைத் துடைச்சான் எண்டு நேற்று இரவு முழுக்க அழுதனான். அங்கதான் ஆக்கள் கையில்லாமல் காலில்லாமல் கிடக்கினம். இஞ்சயுமோ?"

சாரின் முகத்திலிருந்த பிரகாசம் அணைந்தது. அவர் தலையைக் குனிந்துகொண்டார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டுவிட்டது என்று அப்போதே தெரிந்தது.

"இவங்க எல்லாம் யாரு, ஆன்ட்டி?" என்று மெதுவாகக் கேட்டேன்.

மாவுக் கையை ஏப்ரனில் துடைத்துவிட்டு ஒவ்வொருவராகக் காட்டினார். "இது பெரிய மாமி. இவை ரெண்டு பேரும் என்ர ஒண்டுவிட்ட சகோதரியள். இது ஜெயரட்ணம் மாஸ்ரர், ஊரில எங்கட அடுத்த வீட்டு வளவு." விரல் தூணுக்கு வந்ததும் நின்றது. "இது அருள். இவரின்ர தம்பி. திங்கக்கிழமை பின்னேரம் ஃபோன் கோல் வந்தது. தண்ணி எடுக்கப் போன இடத்தில செல் விழுந்து வெடிச்சதாம். இவர் வேலைக்குப் போயிருந்த நேரம்."

யாரைக் கூப்பிடுவதற்காகப் படம் விற்கப்படுகிறதோ, அந்த மனிதர் படத்துக்குள் நின்றுகொண்டிருந்தார்.

"அவருக்குச் சொல்லேல்லையோ?" என்று மெல்லக் கேட்டார் சார்.

"எப்பிடிச் சொல்லுறது? வேலையால வந்து சப்பாத்துக் கழட்ட முதல் கேப்பார், கோல் வந்ததோ, அருள் கதைச்சவனோ எண்டு. லைன் கிடைக்கேல்லை எண்டு சொல்லுவன். இதுக்கு முதல் செத்த ஆக்களையும் சொல்லேல்லை. ஒண்டைச் சொன்னா அடுத்தது அருளோ எண்டு கேட்டுக்கொண்டே இருப்பார்."

"ஒரு பூசையாவது குடுத்திருக்கலாமே, ஆன்ட்டி?"

"குடுத்தா ஞாயிற்றுக்கிழமை கோயிலில பேர் வாசிப்பினம், பிள்ளை. இன்னாரின்ர ஆன்ம இளைப்பாற்றிக்காக எண்டு. இவர் முன் வாங்கில இருந்து கேப்பார்." யூஜினி மாதா சுரூபத்தின் காலடியில் இருந்த சின்ன டப்பாக்களைக் காட்டினார். பிள்ளைகளின் முதல்நன்மை விழாக் கேக்குகளுக்கு அவர் பூசுகிற வர்ணங்கள், நுனி மெலிந்த தூரிகைகள். "அங்க அடக்கம் செய்யச் சேமக்காலை இல்லை. பூசை வைக்கச் சுவாமி இல்லை. போட்டு மூட ஒரு துணி இல்லை. ஒரு கோயிலுக்குள்ளயெண்டாலும் கொண்டுபோய் விடுவம் எண்டு பாத்தன். இதுதான் வெறுமனே கிடந்த கோயில்."

எனக்கு அழுகை வந்தது. அடக்க முயலவில்லை, அழுதேன்.

"கேக்குக் கலர்தான். தண்ணியில போயிடும். வெள்ளிக்கிழமை அந்தாள் வரமுந்தித் துடைச்சுவிடுவம் எண்டுதான் நினைச்சனான். ரெண்டு தரம் துணியை நனைச்சுக்கொண்டு வந்து நிண்டனான். ஏலேல்லை." அவர் சாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, உங்களைக் கும்பிடுறன். இவருக்குச் சொல்லாதேங்கோ. கொஞ்ச நாள். அங்க எல்லாம் முடிஞ்ச பிறகு நானே சொல்லுறன்."

"சார்," என்று நான் காதோரம் சொன்னேன், "நிசாந்தன்னே சொல்லிடலாம். அவரு கேட்டதும் அதைத்தானே?"

பொய் அறிக்கை கொடுக்காத மனிதர் என்னைப் பார்த்தார். படத்தைப் பார்த்தார். "ஓம்," என்றார். "அப்பிடியே செய்வம்."

அந்த நேரம் பார்த்துத்தான் வாசல் கதவு திறந்தது. பேனாட். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். ஹாலில் நாங்கள் நிற்பதைக் கண்டதும் செருப்பு ஸ்டாண்டைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

"கண்டுபிடிச்சிட்டீங்களோ?"

சார் தொண்டையைச் செருமினார். "ஓம். நீங்கள் சொன்னது சரி. நிசாந்தன்தான்."

பேனாட்டின் முகம் மலர்ந்தது. பொய்யில்லை, அப்படியொரு சந்தோஷத்தை நான் ஒரு மனித முகத்தில் பார்த்ததில்லை. "உண்மையாவோ? அவன்தானோ? அவன் ஒத்துக்கொண்டவனோ?"

"ஒத்துக்கொண்டவன். பகிடிக்குச் செய்ததாம்."

"பகிடிக்கு! விசரன், பகிடிக்கு!" பேனாட் சிரித்தார். "நல்ல விசயம். நல்ல விசயம், அண்ணை." சிரித்துக்கொண்டே இரண்டு எட்டு வைத்தார். பிறகு சிரிப்பு மெல்ல நின்றது. தரையைப் பார்த்தபடி யோசித்தார். நிறுத்திவிடுங்கள், யோசிக்காதீர்கள் என்று எனக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது.

"ஆனா," என்றார், "நிசாந்தன் அருளை ஒருநாளும் கண்டதில்லையே. இஞ்ச பிறந்தவன். அருள் தூணில ஒரு தோளைச் சாய்ச்சு, பிடரியைத் தடவிக்கொண்டு நிக்கிறது அவனுக்கு எப்பிடித் தெரியும்?"

தொலைக்காட்சியில் ஆட்கள் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

"தெரியுமா உங்களுக்கு?" என்று என்னையறியாமல் கேட்டுவிட்டேன்.

"செவ்வாய்க்கிழமை விடிய லைற் போட்டதும் கண்டுட்டன், பிள்ளை. சின்னனில இருந்து பூசைக்கு அப்பிடித்தான் நிப்பான். அம்மா கிள்ளுவா. படத்தில நிக்கிற மற்ற ஆக்கள் செத்தது எனக்கும் காதில விழுந்ததுதான்." பேனாட் எல்லோரையும் விட்டுவிட்டு மனைவியைப் பார்த்தார். "அருளைத் தெரிஞ்ச ஆக்கள் இந்த வீட்டில ரெண்டு பேர்தான். நான் கீறேல்லை. யூஜி கீறியிருந்தா அவளுக்கு என்னவோ தெரியும். வேற ஆரும் கீறியிருந்தா என்ர தம்பி உயிரோட இருக்கிறான். அதுதான் உங்களிட்ட வந்தனான், அண்ணை. வேற ஆரோ எண்டு சொல்லுவீங்கள் எண்டு."

"இஞ்சருங்கோ..." என்றார் யூஜினி.

பேனாட் திட்டவில்லை. யூஜினியின் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றார். இத்தனை வருடத் தொழிலில் சார் சரியாகக் கண்டுபிடித்த வழக்குகள் ஏராளம். இதிலும் தவறில்லை. நாங்கள் தவறாகக் கண்டுபிடித்திருக்கக் கூடாதா என்று நான் அன்று மனதாரக் கேட்டுக்கொண்டேன்.

"பிள்ளையள்?" என்றார் பேனாட் திடீரென்று.

அவர் படத்துக்குக் கிட்டப் போனார். முகம் பலகையில் படுமளவுக்குப் போய், தரைக்கல் கல்லாக விரலை ஓட்டினார். ஒவ்வொரு தூணின் நிழலிலும் தேடினார். பீடத்தடியில் தேடினார்.

"பிள்ளையளைக் காணேல்லை."

"நான் கீறேல்லை," என்றார் யூஜினி.

"அப்ப இருக்கினம்."

"தெரியாது. கோல் எடுத்தவைக்குப் பிள்ளையளைப் பற்றித் தெரியேல்லை. நான் கேட்டனான். பிறகு லைன் கட்டாயிட்டுது."

பேனாட் நிமிர்ந்தார். ஜாக்கெட்டின் ஜிப்பை மேலே இழுத்தார், கீழே இழுத்தார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தவராகப் பேசினார்.

"கோயிலுக்கு ஃபோன் பண்ணி எல்லாற்ற பேரையும் பூசைக்குக் குடு, யூஜி. ஞாயிற்றுக்கிழமை சத்தமா வாசிக்கட்டும். பேர் குடுத்த பிறகு துணியைக் கொண்டுவா, நான் துடைக்கிறன். நாளைக்கு அந்தாள் படத்தைக் கொண்டுபோகட்டும். பிள்ளையளுக்கு வேணும்."

"நீங்கள் துடைக்க வேண்டாம். நான் செய்யிறன்."

"ரெண்டு பேருமாச் செய்வம்."

அவர் சார் பக்கம் திரும்பினார். "நீங்கள் காணாமல் போன ஆக்களைத் தேடுற ஆள்தானே, அண்ணை? போர்டில போட்டிருக்கு. தேடுங்கோ."

அந்தப் போர்டை எழுதி மாட்டியது நான்தான். அஜாக்ஸில் ஒளிந்திருந்த கடன்காரரைத் தேடியிருக்கிறோம். மொன்றியலுக்கு ஓடிய மாப்பிள்ளையைத் தேடியிருக்கிறோம். எங்களிடம் இருப்பது ஒரு பழைய டொயோட்டாவும் இரண்டு தொலைபேசியும். உலகத்து நாடுகளெல்லாம் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு கடற்கரையில் இரண்டு பிள்ளைகளை நாங்கள் எங்கே போய்த் தேடுவது? முடியாது என்று சொல்லுங்கள் என்று நான் சாரைப் பார்த்தேன்.

சார் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ரோகிணி, எழுதும்," என்றார். பிறகு பேனாட்டிடம், "பேர்?"

"மூத்தவள் கரோலின். ஒன்பது வயசு. சின்னவன் சீமோன், ஆறு."

"படம் இருக்கோ?"

"பிறந்த நேரம் அனுப்பினதுகள்தான். இப்ப எப்பிடி இருக்கினமோ தெரியாது."

"கடைசியா எங்க கண்டனீங்கள்?" ஆளைத் தேடும் வழக்கில் சார் எல்லோரிடமும் கேட்கும் கேள்வி அது. வாய்ப் பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"நான் ஒருநாளும் கண்டதில்லை, அண்ணை. ஃபோனில கதைச்சதுதான்."

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, கையில் வைத்துக்கொண்டிருந்தார்.

"அப்ப குரலைச் சொல்லுங்கோ," என்றார். "குரல் எப்பிடி இருக்கும்?"

பேனாட் கண்ணை மூடிக்கொண்டார். "கரோலின் கனக்கக் கதைக்காள். பெரியப்பா, சுகமோ எண்டு கேட்டுப்போட்டுத் தம்பியிட்டக் குடுத்திடுவாள். சீமோனுக்கு ஒரு கேள்விதான். பெரியப்பா, அங்க பனி கொட்டுதோ எண்டு கேப்பான். சித்திரையிலயும் அதைத்தான் கேட்டவன். இல்லையடா, கரைஞ்சிட்டுது எண்டு சொன்னன். அவனுக்குச் சரியான கவலை."

நான் எழுதிக்கொண்டேன்.